சுண்ணாம்புக் கம்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

என் பாட்டி மளிகை வாங்கச் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் கிளம்பினால், "சுண்ணாம்புக் கம்பத்துக்குப் போய்ட்டு வந்திடறேன்" என்பார். அந்த இடத்தைச் சிராங்கூன் ரோடு என்று அவர் சொல்லிக் கேட்டதே இல்லை. கிராமத்தைக் குறிக்கும் கம்போங் என்ற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் கம்பம் ஆனது. ஒரு காலத்தில் சுண்ணாம்புத் தொழில் நடந்த வட்டாரம் அது. கம்போங் கப்போர் ரோடு இன்றும் அங்கே இருக்கிறது. மலாயில் கப்போர் என்றாலும் சுண்ணாம்புதான். மலாய்ப் பெயர் சாலைப் பலகையில் ஏறிவிட்டது. தமிழ்ப் பெயர் பலகை ஏறாமல், பேசியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஆதங்கத்தில்தான் இந்தச் சொல்லை இன்று எடுத்துக்கொண்டேன்.

சுண்ணம் என்றால் பொடி. பழைய இலக்கியத்தில் பெரும்பாலும் வாசனைப் பொடி. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தில் பெண்கள் பாடிப் பாடி இடிப்பது அதைத்தான். வடமொழிச் சூர்ணத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். அப்படியானால் நாட்டு மருந்துக் கடைச் சூரணம் இதற்குக் கூடப்பிறந்தது. சுடுவதைக் குறிக்கும் 'சுள்' என்ற வேரிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. சுடாமல் ஏது சுண்ணாம்பு?

கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுடுவார்கள். சுட்டதில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதித்து, ஆவி பறக்க, மாவாக உதிரும். இதற்கு நீற்றுதல் என்று பெயர். அப்பர் பெருமானைப் பல்லவ மன்னன் ஏழு நாள் அடைத்து வைத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் நீற்றறை, இந்தச் சுண்ணாம்புக் காளவாய்தான். அந்தச் சூட்டுக்குள் இருந்துதான் அவர் 'மாசில் வீணையும்' என்று மாலை நிலவையும் வீசும் தென்றலையும் பாடினார்.

சரி, சிட்டி ஹாலுக்கு வருவோம். அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டி, 1861இல் முதல் வழிபாடு நடத்தினார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுனாம்'. நம் சுண்ணம்தான் ஆங்கிலத்தில் சுனாம் ஆகிவிட்டது. மணல் கலக்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் பசைபோல் குழைப்பார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை அதில் சேர்ப்பார்கள். பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அவ்வளவு பெரிய கோயிலின் சுவரை அந்தக் கைகள் சாண் சாணாகத் தேய்த்திருக்கின்றன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வரும்.

இப்போது வீடுகளில் பெயிண்ட் அடிக்கிறோம். பாட்டி மட்டும், தீபாவளி நெருங்கினால், "சுண்ணாம்பு அடிச்சாச்சா?" என்றே கடைசிவரை கேட்டார். கேட்டுக்கொண்டே சின்ன டப்பியைத் திறந்து, ஆள்காட்டி விரல் நுனியில் துளி எடுத்து, வெற்றிலையின் முதுகில் தடவுவார்.

அடுத்த முறை பிள்ளைகளோடு கம்போங் கப்போர் ரோட்டில் நடந்தால், பாட்டி சொன்ன பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்: சுண்ணாம்புக் கம்பம். நன்றி, வணக்கம்.