நானூறு அடியில் இன்ஜின் நின்றால்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீடு பெருங்குடிப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் வேலியோரம் நின்று விமானம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பின்னாளில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதே என் வேலையானது. செஸ்னா 172 மாதிரி, நாலு பேர் உட்காரும், ஒரே இன்ஜின் விமானம். அந்த ஒரு இன்ஜினும் ஏறுகிற நேரத்தில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தரையை விட்டு அரை நிமிடம் சொச்சம் ஆகியிருக்கும். உயரம் 400 அடி, அதாவது ஐந்தாறு பனை உயரம். மூக்கு மேல்நோக்கி இருக்கிறது. திடீரென்று சத்தம் அடங்குகிறது. இரண்டு மூன்று விநாடி மனம் அதை நம்பவே நம்பாது. அதற்குள் வேகம் கரைந்துவிடும். கை தன்னையறியாமல் மூக்கை இன்னும் மேலே இழுக்கும். அதுதான் ஆபத்து. செய்ய வேண்டியது நேர் எதிர்: மூக்கைக் கீழே தள்ள வேண்டும். 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் இருந்தால் இன்ஜின் இல்லாமலும் அது மிதந்து இறங்கும்.

அடுத்து வருவது திரும்பிப் போகும் ஆசை. ஓடுபாதை பின்னால்தானே இருக்கிறது என்று தோன்றும். நான் மாணவனாக இருந்தபோது என் ஆசிரியர் 3,000 அடி உயரத்தில், இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியான திராட்டிலை இழுத்து மூடினார். "நாலு எண்ணு, அப்புறம் திரும்பு" என்றார். திரும்பி முடித்து உயரமானியைப் பார்த்தேன். 600 அடிக்கு மேல் உயரம் குறைந்து போயிருந்தது. கிளம்பும்போது நம்மிடம் இருப்பதே 400.

பாதி வட்டம் அடித்தால் போதாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பாதி வட்டத்தில் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்போம். அதன் நேருக்கு வர இன்னும் திருப்ப வேண்டும். அவசரத்தில் 45 டிகிரி சாய்த்தால், நேராகப் பறக்கையில் வேகம் 48 நாட்டாகக் குறையும் வரை தாங்கும் இறக்கை, 57 நாட்டுக்குக் குறைந்தாலே காற்றின் பிடியை விட்டுவிடும். அப்படி விழும் விமானத்தை மீட்க அந்த உயரத்தில் இடமே இல்லை.

ஆகவே நேராகவே போங்கள். இடம் வலம் கொஞ்சம் ஒதுங்கலாம், அவ்வளவுதான். எதிர்க்காற்றில் மெதுவாகத் தரை தொட்டால், வேகம் ஊருக்குள் ஓடும் பஸ்ஸின் வேகம்தான் இருக்கும். விமானம் நொறுங்கினாலும் ஆள் பிழைக்க வழி உண்டு.

எங்கே இறங்குவது? நம் பக்கம் கோடையில் வற்றிய கண்மாய் மேலிருந்து மைதானம் போலத் தெரியும். ஆனால் கரையும் சீமைக்கருவேலமும் அருகில் போனால்தான் தெரியும். தரிசு நிலம் நல்லது. உழுத காடு என்றால் உழவுசால் போகும் திசையிலேயே இறங்க வேண்டும், குறுக்கே கூடாது. மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். தரை தொடுமுன் பெட்ரோலையும் சுவிட்சையும் அணைத்து, கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

இன்ஜின் ஏன் நிற்கிறது என்றால், பல காரணம் தரையிலேயே தொடங்குகிறது. அரைகுறையாக நிரப்பிய டாங்கில் ராத்திரி ஈரம் நீராகி அடியில் தங்கும். நீல நிறப் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் வடித்துப் பார்த்தால் தண்ணீர் தனியாகத் தெரியும். இன்னொன்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் படியும் பனி. மதுரையில் பனியா என்பீர்கள். ஐப்பசி ஈரக்காற்றில், 25 டிகிரி வெயிலிலும், உள்ளே பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில் பனிக்கட்டி படியும். மெதுவாக உருட்டி வரும்போதே படிந்துவிட்டால், கிளம்பியதும் மூச்சு அடைத்துவிடும்.

என் மாணவர்கள் ஓடுபாதை முனையில் நின்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இன்ஜின் நின்றால் மூக்கைத் தள்ளுவேன், நேராக இறங்குவேன், திரும்ப மாட்டேன்." ஆயிரம் மணி நேரம் பறந்தவரும் சொல்லத்தான் வேண்டும். மனதுக்குள் சொன்னால் நான் பிரேக்கை விட அனுமதிப்பதில்லை.

விவசாயிகளுக்கு ஒன்று. உங்கள் வயலில் இப்படி ஒரு விமானம் இறங்கினால் ஓடிப்போய் உதவுங்கள், ஆனால் பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கும். முன்னால் உள்ள விசிறி நின்றிருந்தாலும் கையால் தொடாதீர்கள். சுவிட்ச் அணைக்காமல் இருந்தால் லேசாக அசைத்தாலும் அது சுழலக்கூடும். இறக்கைக்குப் பின்பக்கமாகப் போய்க் கதவைத் திறந்து ஆட்களை இறக்கிவிட்டு, 108-க்குக் கூப்பிடுங்கள்.