மூணு நாள் உபவாசத்துல அடைச்சு வச்சா குடி நிக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

முதல்ல கேள்வியை வாசிச்சிடுறேன். தூத்துக்குடி பக்கத்துல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. "ஐயா, என் வீட்டுக்காரர் கொத்தனார். 12 வருஷமா குடி. இப்ப தினமும் ரெண்டு குவார்ட்டர் ஆயிடுச்சு. காலையில எழுந்ததும் ஒரு மடக்கு உள்ள போனாத்தான் கை நடுக்கம் நிக்குது. மூணு தடவை கன்வென்ஷன்ல முன்னால போய் அழுது ஒப்புக்கொடுத்தாரு. மூணு தடவையும் பத்து நாள் தாண்டல. வர்ற வியாழக்கிழமையில இருந்து மூணு நாள், அவரை ஜெப அறையில வச்சு, தண்ணி மட்டும் குடுத்து உபவாச ஜெபம் பண்ணலாம்னு சபையில சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா விசுவாசக் குறைவா? சாப்பாட்டுல தெரியாம மாத்திரை கலந்து குடுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. குடுக்கலாமா?"

சகோதரி, அறையில வைக்கவும் வேண்டாம், மாத்திரை கலக்கவும் வேண்டாம். ரெண்டுலயும் உயிர் போக வாய்ப்பு இருக்கு. அதனாலதான் இவ்வளவு வெட்டொண்ணு துண்டு ரெண்டா சொல்றேன்.

உங்க கடிதத்துல முக்கியமான வரி எதுன்னா, காலையில குடிச்சாத்தான் நடுக்கம் நிக்குதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான். ஒரு குவார்ட்டர்னா 180 மில்லி. நம்ம ஊர் பிராந்தி, ரம்மெல்லாம் 42.8 சதவீதம். கணக்குப் போட்டா ஒரு குவார்ட்டர்ல ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். உங்க வீட்டுக்காரர் உடம்புல தினமும் 120 கிராம் இறங்குது. ஆல்கஹால் மூளையை அமுக்குற சரக்கு. வருஷக்கணக்கா தினமும் அமுக்கினா, மூளையும் எதிர்த்துத் தள்ளப் பழகிடும். திடீர்னு அமுக்குற கையை எடுத்துட்டா, தள்ளுறது மட்டும் மிஞ்சும். அந்தத் தள்ளுதான் நடுக்கம். நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் கடைசி வசனத்துல குடிகாரன் வாயில வர்ற பேச்சைப் பாருங்க: "நான் அதைப் பின்னும் தொடர்ந்து தேட எப்பொழுது விழிப்பேன் என்பாய்." முழிச்சதும் தேடுற இந்த நிலைமையை அன்னைக்கே எழுதி வச்சிருக்காங்க.

இப்ப அந்த மூணு நாளை மணிக்கணக்கா பாப்போம். கடைசியா குடிச்சு ஆறு, எட்டு மணி நேரத்துல நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவத்துல பூச்சி ஊருதும்பாரு, செத்துப்போன ஆள் நிக்கிறாருன்னு கை காட்டுவாரு, கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பாப்பாரு. காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு தடதடன்னு அடிக்கும். மருத்துவத்துல இதுக்கு டெலீரியம் ட்ரெமென்ஸ்னு பேரு. பாக்காம விட்டா ஆள் இறந்துபோகலாம்.

ஜெப அறைக்குள்ள இது நடந்தா என்ன ஆகும்? "குடி ஆவி வெளிய வருது"ன்னு சொல்லி இன்னும் சத்தமா ஜெபிப்பாங்க, நாலு பேர் கையைக் காலைப் பிடிப்பாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, அதைச் சொல்லணும். ஆனா அந்த நேரத்துல அவருக்கு வேண்டியது ஆம்புலன்ஸ். 108.

பட்டினி இதை இன்னும் மோசமாக்கும். தினமும் குடிக்கிறவங்க உடம்புல பி1 வைட்டமின், அதாவது தயமின், ஏற்கெனவே வத்திப்போயிருக்கும். பக்கத்து கிளினிக்ல "தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு நாமளே கேட்டு வாங்குவோம்ல, அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பி1 ஊசி போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா, கண் தடுமாறி, நடை தடுமாறி, ஞாபகமே நிரந்தரமா போயிடலாம். டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே "இவர் தினமும் குடிக்கிறவர்"னு சொல்லிடுங்க. வெட்கப்பட்டு வயித்துவலின்னு சொல்லி அட்மிட் பண்ணிடாதீங்க.

இன்னொண்ணு. மூணு தடவை நிறுத்தி மூணு தடவை விழுந்தாருன்னு சொன்னீங்க. நிறுத்தி, குடிச்சு, மறுபடி நிறுத்துற ஒவ்வொரு சுத்துலயும் நடுக்கமும் வலிப்பும் முன்னைவிட வேகமா வர வாய்ப்பு அதிகம். போன தடவை வீட்டுலயே சமாளிச்சோமேங்கிற தைரியம் இந்தத் தடவைக்குச் செல்லாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, அங்க போங்க. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் வைப்பாங்க. நடுக்கத்துக்கான மாத்திரையைக் கூட்டிக் குடுத்து, நாளுக்கு நாள் குறைச்சு நிறுத்துவாங்க. அந்த மாத்திரையை மெடிக்கல்ல நீங்களா வாங்கக் கூடாது. அதைப் போட்டுட்டு மேல குடிச்சா மூச்சே அடங்கிடலாம். எங்க போறதுன்னு தெரியலைன்னா 14416-க்கு அடிங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

விசுவாசக் குறைவான்னு கேட்டீங்க. 2 இராஜாக்கள் 20-ஐ எடுத்துக்குங்க. சாகுற அளவு நோயில கிடக்குற எசேக்கியா ராஜா சுவர்ப்பக்கமா திரும்பி அழுது ஜெபிக்கிறான். கர்த்தர் கேட்டு, 15 வருஷம் கூட்டித் தர்றேன்னு சொல்லியாச்சு. வாக்குத்தத்தம் கையில வந்தாச்சு. அதுக்கப்புறமும் ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி பிளவைமேல, அதாவது கட்டிமேல, போடவைக்கிறாரு. பத்துப் போடுறது அந்தக் கால வைத்தியம். ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் மருந்து போட்டதைக் கர்த்தர் அவிசுவாசம்னு சொல்லல.

அடுத்து, சோத்துல மாத்திரை. அந்த அக்கா சொல்றது அநேகமா டைசல்ஃபிராம். ஆல்கஹால் உடம்புல உடையும்போது நடுவுல அசெட்டால்டிஹைடுனு ஒரு விஷம் உண்டாகும். சாதாரணமா அது உடனே கரைஞ்சுடும். இந்த மாத்திரை அதைக் கரையவிடாது. குடிச்ச கொஞ்ச நேரத்துல முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு அடிச்சுக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் பார்வையில சாப்பிடுறவருக்கு அது ஒரு வேலி. தெரியாம சாப்பிட்டவர் வழக்கம்போல ரெண்டு குவார்ட்டர் போடுவாரு, கதையே முடிஞ்சுடலாம். கடைசி மாத்திரைக்கு அப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை இருக்கும். பிறகு அவருக்கு விஷயம் தெரிஞ்சா உங்க கையால ஒரு வாய் சோறு வாங்க மாட்டாரு.

சம்மதிச்சு அந்த மாத்திரை போடுறாருன்னா, சபையில அப்பமும் ஒயினும் வாங்குற திருவிருந்துலயும் (நற்கருணையிலயும்) கவனம் வேணும். துளி ஒயினும் ஒத்துக்காம போகலாம். மாத்திரை போடலைன்னாலும் அந்த ருசியே பழசைக் கிளப்பிவிடும். ஆல்கஹால் இல்லாத திராட்சைச் சாறு வைக்கச் சொல்லிப் பாஸ்டர்கிட்ட கேளுங்க. இது புதுசு இல்ல. 1869-ல அமெரிக்காவுல தாமஸ் வெல்ச்னு ஒரு மெதடிஸ்ட் பல் டாக்டர், சாறு புளிக்காம இருக்க அதைச் சூடாக்கிப் பதப்படுத்தினதே நற்கருணைக்காகத்தான். கத்தோலிக்கரா இருந்தா அப்பம் மட்டும் வாங்கினாலே முழு நற்கருணைதான்.

சரி, ஆஸ்பத்திரியில இருந்து வந்தாச்சு. இனிமேதான் சபைக்கு வேலை. மத்தேயு 12-ல வெளிய போன ஆவி திரும்பி வரும்போது வீடு "பெருக்கி ஜோடிக்கப்பட்டதாயும்" இருக்கு, கூடவே வெறுமையாயும் இருக்கு. ஆஸ்பத்திரி வீட்டைப் பெருக்கித்தான் குடுக்கும், உள்ள ஆளைக் குடியேத்தாது. நம்ம சபைகள் என்ன செய்யுது? ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் பலமா ஜெபிக்குது. கொத்தனாருக்குப் பட்டுவாடா சனிக்கிழமை சாயங்காலம். கையில ஆறு நாள் கூலி, உடம்புல ஆறு நாள் அலுப்பு, வயித்துல பசி, கூட வேலை பாத்தவங்க "வாடா மாப்ள"ங்கிறாங்க. ஞாயித்துக்கிழமை காலைக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

அதனால ஜெபத்தை அந்த நேரத்துக்கு நகர்த்துங்க. சபையில ஒரு சகோதரர், ஒரே ஒருத்தர் போதும், சனிக்கிழமை அஞ்சரைக்கு வேலை நடக்குற இடத்துக்கே பைக்ல போகணும். கூலி வாங்கினதும் சம்மதத்தோட வீட்டுக்குரிய பணத்தை உங்க கணக்குல போட்டுடணும். வர்ற வழியில முதல்ல சாப்பாடு, பரோட்டாவோ இட்லியோ, வயிறு நிறையணும். பசி பாதி ஆசையைக் கிளப்பும். டாஸ்மாக் இல்லாத தெரு வழியா, சுத்துவழியா இருந்தாலும் பரவாயில்ல, வீட்டுக்கு வரணும். குடிக்கத் தோணுற வேகம் ஏறி இறங்க இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை ரெண்டு பேரா கடக்கணும். 141-ஆம் சங்கீதத்தைச் சத்தமா வாசிங்க. பத்தே வசனம்தான், அந்திப்பலி நேரத்து ஜெபம். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." தாவீது பேச்சைப் பத்திச் சொன்னாருன்னு எனக்கும் தெரியும். உதட்டு வாசல் வழியாத்தானே இதுவும் போகுது.

சபைத் தலைவர்களுக்கு ஒண்ணு. வந்த முதல் வாரமே மைக்கைக் குடுத்துச் சாட்சி சொல்லவைக்காதீங்க. ஒரு வருஷமாவது போகட்டும். மேடையில "விடுதலையாயிட்டேன்"னு சொன்னவர் அடுத்த வாரம் சறுக்கினா யார்கிட்ட சொல்லுவாரு? மறைப்பாரு. மறைக்கிறதுக்கே இன்னும் குடிப்பாரு. யாக்கோபு 5:16 "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு"ன்னு சொல்லுது. அதுக்கு மைக் வேண்டாம், வாயை மூடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் போதும். குடியை விட நினைக்கிறவங்க கூடி ஒருத்தருக்கொருத்தர் துணை நிக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-ல அமெரிக்காவுல அக்ரன் ஊர்ல தொடங்கினது, கிறிஸ்தவ ஐக்கியம் ஒண்ணுல இருந்து கிளைச்சதுதான். அவங்க 12 படிகள்ல அஞ்சாவது இதேதான்: கடவுள்கிட்டயும், தன்கிட்டயும், இன்னொரு மனுஷன்கிட்டயும் தவறை ஒத்துக்கிறது. உங்க பக்கத்துல அந்தக் கூட்டம் நடந்தா அனுப்புங்க, கட்டணம் இல்ல.

தூக்கம் சரியா வர மாசக்கணக்குல ஆகலாம். எரிஞ்சு விழுவாரு. அதைப் "பின்மாற்றம்", விசுவாசத்துல இருந்து விழுந்துட்டாருன்னு சொல்லிடாதீங்க, நரம்பு இன்னும் அடங்கல. ஒரு நாள் குடிச்சுட்டு வந்தா அன்னைக்கு ராத்திரி எதுவும் பேசாதீங்க. மறுநாள் காலையில மூணே கேள்வி: எங்க, யார்கூட, எத்தனை மணிக்கு? அடுத்த வாரம் அந்த மணிக்கு யாராவது கூட இருக்க ஏற்பாடு பண்ணுங்க. தொடர்ந்து பல நாள் குடிச்சிருந்தா மறுபடி டாக்டர்கிட்ட போய்த்தான் நிறுத்தணும்.

உங்களுக்கும் சொல்லணும். மேஸ்திரிக்குப் போன் போட்டுக் "காய்ச்சல்"னு பொய் சொல்லாதீங்க, அவர் குடிக்கடனை நீங்க அடைக்காதீங்க. கை நீட்டினா பிள்ளைகளோட வெளிய வந்துடுங்க, பெண்கள் உதவி எண் 181-க்கு அடிங்க. வெளிய இருந்தும் ஜெபிக்கலாம்.

வியாழக்கிழமை உபவாசத்தை ரத்து பண்ணச் சொல்லல. சபையார் உபவாசம் இருக்கட்டும், அவர் ஆஸ்பத்திரியில சாப்பிடட்டும். அதுவரைக்கும் நீங்களா திடீர்னு நிறுத்தவைக்காதீங்க, நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்குங்க: கடைசியா குடிச்ச நேரம், தினமும் எவ்வளவு, முன்னால வலிப்பு வந்திருக்கா, மஞ்சக்காமாலை வந்திருக்கா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறாரு. டாக்டர் முதல்ல கேக்கப்போறது இதைத்தான்.