தோளில் கிடக்கிற துண்டு

வணக்கம் மக்களே. நெல்லை குறுக்குத்துறைப் படித்துறையில் நின்றுதான் பேசுகிறேன். பின்னால் பாருங்கள், குளித்துக் கரையேறுகிற எல்லார் கையிலும் துண்டு. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

துணித்தல் என்றால் வெட்டுதல். தறியில் நெய்ததை அறுத்து எடுத்தால் துணி. துண்டு என்றாலும் வெட்டிய பகுதிதான். பழைய தமிழில் துணிக்கு அறுவை என்றே ஒரு பெயர் உண்டு. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவர் இருந்திருக்கிறார். ஜவுளி வியாபாரி பாட்டு எழுதியிருக்கிறார்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது அறுவை என்றால் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது. வள்ளுவர் 'எண்ணித் துணிக கருமம்' என்கிறாரே, அந்தத் துணிவும் இதே சொல்தான். இப்படியா அப்படியா என்ற இழுபறியை வெட்டிவிட்டு முடிவுக்கு வருவது.

அப்புறம், நம் பக்கத்துப் பெரியவர்கள் துண்டைத் துவர்த்து என்றும் சொல்வார்கள். துவர்த்துவது என்றால் ஈரம் போகத் துடைப்பது. மலையாளத்தில் தோர்த்து.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம். மாதக் கடைசியில் பணம் குறைந்தால் துண்டு விழுகிறது என்கிறோம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார்கள், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

ஆனால் இதைத் தோளில் போடுவது எல்லாருக்கும் வாய்த்ததில்லை. மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர் எதிரே வந்தால், துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டியிருந்தது, இல்லை கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்தது. பக்கத்துத் திருவிதாங்கூரில் பெண்கள் மாரை மறைக்கும் தோள்சீலைக்காகவே பல வருஷம் அடிபட்டுப் போராடினார்கள். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று 1859-இல்தான் அரசு அறிவித்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. துணியில் இப்படியொரு அளவுகோல் வைத்திருந்தார்கள் என்பதை என்னால் இன்றைக்கும் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

உங்கள் வீட்டில் வயதான தாத்தாவோ ஆச்சியோ இருந்தால், தெருவில் துண்டை எப்படிப் போட்டுக்கொண்டு நடந்தார்கள், யாருக்காக எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்து எனக்கும் அனுப்புங்கள்.