தேக்கு அலமாரியா? முதலில் முதுகைக் காட்டச் சொல்லுங்கள்!

[திரையில்: கறுப்புத் தாள். அதன்மேல் ஏதோ பொடி சிதறிக் கிடக்கிறது.]

இது என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம். கசகசா இல்லை, மணலும் இல்லை. மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய சாமான் கடையில், "நூறு வருஷத்துத் தேக்கு தம்பி, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று எனக்குக் காட்டிய புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் பொறுக்கியது. விடை நடுவில் வரும். ஓட்டிப் பார்க்காதீர்கள்.

வணக்கம் மக்களே! வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்து இறங்கினார், பங்களாக்கள் எழுந்தன, பர்மாத் தேக்கு வந்தது. அவ்வளவுதான். ஒரு விஷயம் மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அலமாரி என்ற சொல்லே போர்த்துகீசியம். அதைப் பூட்டும் சாவியும் போர்த்துகீசியம். கீழே இருக்கும் லாச்சி, அதாவது இழுப்பறை, டச்சுக்காரனுடையது. நமக்கென்று மிஞ்சியது உள்ளே வைக்கும் நூல்தான்.

[திரையில்: அலமாரியின் முன்பக்கம். கேமரா மெல்லப் பின்னால் சுற்றிப் போகிறது.]

ஆறரை அடி உயரம், இரண்டு கண்ணாடிக் கதவு, அடியில் இரண்டு லாச்சி. கேட்ட விலை 1,800 வெள்ளி, அதாவது ரிங்கிட். முன்பக்கம் பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. ஆனால் பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளையை மட்டுமா விசாரிப்போம்? நான் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளலாமா?" அவர் முகம் மாறியது.

முதுகில் அகலப் பலகைகள். நல்லது. பிளைவுட் அடித்திருந்தால் ஒன்று அலமாரி அவ்வளவு பழசு இல்லை, இல்லையென்றால் யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் கதவுக் கீல். ஆறு திருகாணியில் நான்கின் தலையில் ஒற்றைக் கோடு, இரண்டில் பிளஸ் குறி. பிளஸ் தலைத் திருகாணி புழக்கத்துக்கு வந்தது 1930-களில்தான். அதனால் மொத்தமும் போலி என்று சொல்லிவிட முடியாது. கதவு ஒருமுறை கழன்றிருக்கிறது, யாரோ கையில் கிடைத்ததை முறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவே.

கண்ணாடியைச் சாய்வாக நின்று பாருங்கள். எதிர்ச் சுவரின் டியூப்லைட் அதில் நெளிந்து தெரிகிறதா? உருகிய ஈயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு... மன்னிக்கவும், ஈயம் இல்லை, வெள்ளீயம். அப்படிச் செய்யும் முறையைப் பில்கிங்டன் கம்பெனி 1959-இல் அறிவித்தது. அதற்குப் பிறகுதான் சாதாரண ஜன்னல் கண்ணாடிகூட அப்பழுக்கில்லாத சமதளமானது. இங்கே இடதுகதவில் டியூப்லைட் நெளிகிறது, வலதுகதவில் நேராக நிற்கிறது. ஒன்று பழசு, ஒன்று புதுசு.

லாச்சியை உருவினால் மூலையில் புறாவின் விரித்த வால் மாதிரி பற்கள் கோர்த்திருக்கும். டவ்டெய்ல் என்பார்கள். மிஷின் வெட்டியதென்றால் எல்லாம் ஒரே அச்சு. இதில் நான்கு பல், நான்கும் நான்கு அகலம். அடியில் கோடு கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. பென்சில் கோடு இல்லை, நகத்தில் தட்டுப்படும் கீறல். கைவேலை! ஆனால் கைவேலை மட்டும் வயதைச் சொல்லாது, இன்றைக்கும் கையால் வெட்டுகிறவர்கள் உண்டு.

பக்கப் பலகையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அகலவாக்கில்தான் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அதனால் பழைய ஆசாரி பலகையைச் சட்டத்தின் காடிப் பள்ளத்தில் பசை போடாமல் சும்மா நிறுத்துவார். தொட்டிலில் பிள்ளை மாதிரி. படுத்திருக்கும், கட்டிப் போடவில்லை. இதில் எவரோ உள்பக்கம் குறுக்கே ஒரு கட்டையை ஆணி வைத்து அறைந்துவிட்டார். சுருங்க இடமில்லை, கிழிந்துவிட்டது. இரவு பகலாக ஏர்கான் ஓடும் அறையில் பழைய சாமானைக் கொண்டுபோய் வைக்கிறவர்களும் கவனியுங்கள்.

[திரையில்: கறுப்புத் தாள், லென்ஸ் வைத்த கைப்பேசியில்.]

இப்போது அந்தப் பொடி. பெரிதாக்குகிறேன். நன்றாகப் பாருங்கள்... ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை! யாரோ உட்கார்ந்து செதுக்கிய மாதிரி. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இது கரையான் எச்சம்.

எல்லாக் கரையானும் இப்படிப் போடாது. மண்ணிலிருந்து சுவரேறி வருவது சேற்றுப் பாதை கட்டும், அதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். இது வேறு. மண்ணே தேவையில்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும் இனம். தண்ணீர் கிடைக்காத இடம், அதனால் கழிவில் இருக்கும் கடைசிச் சொட்டு ஈரத்தையும் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். அதன் பின்குடலில் ஈரம் உறிஞ்ச ஆறு திண்டுகள் உண்டு. அந்த ஆறும் நெருக்கிப் பிழிவதில் எச்சத்துக்கு ஆறு பட்டை விழுந்துவிடுகிறது. சிக்கனத்தில் நம் பாட்டிமாரைத் தோற்கடித்துவிட்டது! பிறகு மரத்தில் ஊசித்துளை போட்டு, குப்பையை வெளியே தள்ளிவிட்டு, துளையை அடைத்துக்கொள்ளும்.

பொடி பட்டையில்லாமல் முகப்பவுடர் மாதிரி மெத்தென்று இருந்தால் அது மரம் அரிக்கும் உளு வண்டின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தேக்கைக் கரையான் தொடாது என்பார்களே? வைரம் பாய்ந்த நடுமரத்தை அவ்வளவு எளிதாகத் தொடாது, ஓரத்து வெள்ளை மரத்தைத் தின்னும். இங்கே தின்றது அதுகூட இல்லை. கீழ்த்தட்டின் அடிப்பக்கம் நகத்தால் கீறினேன், சாயத்துக்குக் கீழே வெளிறிய சிவப்பு. என் கணக்கில் அது மெராந்தி என்ற உள்ளூர் மரம். அதாவது முகம் தேக்கு, வயிறு மெராந்தி.

புத்தகக்காரர்களுக்கு ஒரு கணக்கு. தட்டு தொய்வது நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மூன்றடித் தட்டை நான்கடியாக்கினால் ஓரடிதானே என்று தோன்றும், தொய்வோ மூன்று மடங்கு. பலகையைத் தடிமனாக்கினால் தப்பிக்கலாம். இரட்டைத் தடிமனுக்குத் தொய்வு எட்டில் ஒன்று. இந்த அலமாரியின் தட்டு மூன்றடிக்குள்தான், நூல் பிடித்துப் பார்த்தேன், நேராக நிற்கிறது. செய்த கைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

சரி, வாங்கினேனா? கறுப்புத் தாளைக் கடைக்காரரிடம் நீட்டினேன். "மரத்தூள் தம்பி" என்றார். லென்ஸில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, 900 கொடு" என்றார். கீழ்த்தட்டை அங்கேயே கழற்றி விட்டுவிட்டு, மற்றதை வேன் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அடியில் வெள்ளைத் தாள் விரித்து... இல்லை, மறுபடியும் கறுப்புத் தாள்தான், வெள்ளையில் தெரியாது. மூன்று வாரம் சுத்தமாக இருந்தது. நேற்றுக் காலை குனிந்து பார்த்தேன். இடதுகாலுக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு மணி. ஆறு பட்டை. இதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கீழே எழுதுங்கள். மண்ணெண்ணெய் என்று மட்டும் எழுதாதீர்கள், அம்மா ஏற்கெனவே பாட்டிலோடு நிற்கிறார்.