கத்தரி நாத்துல பறக்கிறது கொசு இல்லீங்க!

வணக்கம் மக்களே! சத்துவாச்சாரி, நம்ம மொட்டை மாடி. ஒன்பது மணி ஆச்சுன்னா வேலூர் வெயில்ல இங்க கால் வைக்க முடியாது, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

இந்த ட்ரேல இருக்கிறது இலவம்பாடி முள்ளு கத்தரி நாத்து. 2023-ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதேதான். தண்ணி ஊத்தினா கோகோபீட்லருந்து, அதாங்க தேங்காய் நார்த் தூள்லருந்து, கருப்பா, ரெண்டு மூணு மில்லிமீட்டர்ல, குபுக்குனு கிளம்புது பாருங்க. போன வீடியோல இதைக் கொசுன்னு சொல்லிட்டேன். தப்பு. இது காளான் ஈ.

மஞ்சள் ஒட்டு அட்டையிலருந்து ஒண்ணைப் பிச்சு எடுத்தேன், றெக்கை அட்டையிலயே நின்னுடுச்சு. அப்புறம் டம்ளரைக் கவுத்துப் பிடிச்சு, ஃப்ரீசர்ல வெச்சு, இப்போ மைக்ராஸ்கோப்ல ஏத்தியிருக்கேன். வீட்ல திட்டு வேற.

முகத்தைப் பாருங்க. சிலருக்குப் புருவம் நடுவுல கூடியிருக்கும்ல? இதுக்குக் கண்ணே அப்படி. ரெண்டு கூட்டுக்கண்ணும் மீசைக்கு, அதாவது உணர்கொம்புக்கு, மேல பாலம் மாதிரி நீண்டு சேர்ந்துடுது. மீசையில மணி கோத்த மாதிரி பதினாறு கணு. நான் மூணு தடவை எண்ணினேன், ஒரு தடவை பதினஞ்சு வந்துச்சு, அதை விடுங்க. கொசுவுக்கு இருக்கிற நீளமான ஊசி வாயும் இல்ல, றெக்கை நரம்புல செதிலும் இல்ல.

றெக்கைக்கு வர்றேன். நடு நரம்பு நுனிப்பக்கம் ரெண்டா பிரியுது, உண்டிவில் கவட்டை மாதிரி. கண்ணுல பாலம், றெக்கையில இந்தக் கவட்டை, ரெண்டும் சேர்ந்திருந்தா சியாரிடே, அதாவது இந்தக் காளான் ஈயோட குடும்பம். கண் பாலத்தை மட்டும் நம்பாதீங்க, செடியில முடிச்சு உண்டாக்குற கணு ஈக்கும் (gall midge) அது உண்டு. ஆனா அதுக்கு றெக்கையில நரம்பு ரொம்பக் கம்மி.

முன்னங்காலோட கணைக்கால் நுனியில ஒரே வரிசையா முடி, சீப்புப் பல்லு மாதிரி தெரியுதா? பிராடிசியா பேரினத்தோட அடையாளம் அது. காளான் கொட்டகையில தொல்லை கொடுக்கிற லைக்கோரியெல்லாவுக்கு அது வரிசையா இருக்காது, கொத்தா இருக்கும்.

எந்த இனம்னு கேட்டா, அதுக்கு ஆண் பூச்சி வேணும். வால் நுனியில இடுக்கி மாதிரி ஒரு ஜோடி கவ்வி இருக்கும். அந்தக் கவ்வியோட வடிவம், உள்பக்கம் இருக்கிற முள்ளு, இதை வெச்சுத்தான் பிரிக்கிறாங்க. நான் பிடிச்சதோ பொம்பளை. வால் கூம்பிக்கினு போகுது பாருங்க.

நாத்தைக் காப்பாத்த, புழுவை இழுக்கிறதுக்கு உருளைக்கிழங்கு வில்லை ஒண்ணை கோகோபீட் மேல வெச்சிருக்கேன். புரட்டினா... ம், கண்ணாடி மாதிரி உடம்பு, பளபளன்னு கருப்புத் தலை. வேரைத் தின்கிற காளான் ஈப் புழு இதுதான். மேல்மண்ணைக் காய விடுங்க, குறையும்.

இருங்க இருங்க, ட்ரே ஓரத்துல ஒண்ணு உக்காந்திருக்கு. வால்ல கவ்வி! அந்த டம்ளர் எங்க போச்சு?