கீமோ பாட்டிலுக்குள் நித்தியகல்யாணி

(சென்னை அடையாறில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

"கீமோ எல்லாம் வெறும் கெமிக்கல் சார், பேசாமல் இயற்கை மருந்துக்குப் போயிடலாமா?" நான் மருந்தியல் வாத்தியார் என்று தெரிந்ததுமே பலரும் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பேன்: நித்தியகல்யாணி தெரியுமா? பெசன்ட் நகர் காம்பவுண்டுச் சுவரோரம், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்குமே, அதுதான். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு நரம்பில் ஏற்றுகிற வின்கிரிஸ்டின் அந்தச் செடியின் இலையில் கிடைத்த சரக்கு.

அது கிடைத்த கதை வேடிக்கையானது. ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். நம் ஊரிலும் அந்தப் பழக்கம் உண்டு. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் சாற்றை ஊசியாகப் போட்டதும் வெள்ளணுக்கள் மளமளவென்று சரிந்தன. வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே லுக்கேமியா! 1958-இல் அதே செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்து வெளிவந்தது. 1963-இல் வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டன் கணக்கில் காய்ந்த இலையை அரைத்தால் சில கிராம் தேறும், அவ்வளவுதான். கஷாயத்தில் எவ்வளவு இறங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வின்கிரிஸ்டின் செல்லை எப்படிச் சாகடிக்கிறது? செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க டியூபுலின் புரதத்தால் இழைகளைக் கட்டும். வின்கிரிஸ்டின் அந்த இழையைக் கட்டவே விடாது. பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த டாக்ஸால் என்கிற இன்னொரு கீமோ மருந்து நேர் எதிர். கட்டிய இழையைக் கலைய விடாது. எப்படியானாலும் செல் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். அப்போது உள்ளேயிருந்தே சாகச் சொல்லி ஓர் ஆணை பிறக்கும். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை விழுந்து சைட்டோகுரோம் சி என்கிற புரதம் வெளியே கசியும். காஸ்பேஸ் என்கிற வெட்டும் புரதங்கள் விழித்துக்கொள்ளும். செல் சுருங்கி, குமிழ் குமிழாக உடைந்துபோகும். மிச்சத்தை அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். வீக்கமில்லை, சீழில்லை. 1972-இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவர் இதற்கு அப்பாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் உடம்பில் தினமும் பல ஆயிரம் கோடி செல்கள் இப்படித்தான் போய்ச் சேருகின்றன. புற்றுநோய்ச் செல் மட்டும் அடம்பிடிக்கும். ஆணையிடும் பி53 என்கிற புரதம் பழுதாகியிருக்கும், அல்லது சாவைத் தடுத்து நிறுத்தும் பிசிஎல்-2 புரதம் மிதமிஞ்சி இருக்கும்.

இனி, புற்றுநோயைக் குணமாக்கும் என்று பலரும் சொல்கிற மஞ்சளுக்கு வருகிறேன். வராவிட்டால் விட மாட்டீர்கள். ஆய்வகத் தட்டில் மஞ்சளிலுள்ள குர்குமினை ஊற்றினால் புற்றுநோய்ச் செல்கள் சாகின்றன. உண்மை. பிளீச்சிங் பவுடர் தண்ணீரை ஊற்றினாலும் சாகும்! தட்டில் ஊற்றும் அளவு ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. தட்டில் பெரும்பாலும் 10, 20 மைக்ரோமோல் செறிவில் வைக்கிறார்கள். நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தத்தில் சராசரி 2 மைக்ரோமோலைக்கூட எட்டவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 8 கிராமுக்கு நாளுக்குக் கால் கிலோ தூள் வேண்டும். எந்தச் சாம்பார் தாங்கும்?

முள் சீத்தா விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. "கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதுதான். அதிலுள்ள அன்னோனாசின் என்கிற பொருள் மைட்டோகாண்ட்ரியாவின் சக்தி உற்பத்தியை நிறுத்தித்தான் தட்டிலுள்ள செல்லைக் கொல்கிறது. மூளை நரம்புச் செல்லுக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. கரீபியத் தீவான குவாதலூப்பில் பார்க்கின்சன் போன்ற ஒரு நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதை 1999-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த நோயாளிகள் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறைய எடுத்துக்கொண்டவர்கள். பழம்தான் காரணம் என்று முடிவாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் அந்த இலையைத் தினமும் கொதிக்கவைத்துக் குடிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடைசியாக மிளகு. 1998-இல் பெங்களூரில் செய்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் குர்குமின் ஏறும் அளவு 20 மடங்கானது. உடனே இரண்டையும் சேர்த்து மாத்திரை போட்டுவிட்டார்கள். எந்த மெடிக்கல் ஷாப்பிலும் சீட்டில்லாமல் கிடைக்கும். பைப்பரின் இதைச் சாதிப்பது, மருந்துகளைச் சிதைக்கிற என்சைம்களை மந்தப்படுத்தி. வின்கிரிஸ்டினைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ குடும்பத்து என்சைமையும் அது தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். வின்கிரிஸ்டின் உடம்பில் கூடுதலாகத் தங்கினால் விரல் மரத்துப்போகும், சட்டைப் பொத்தான் போட வராது, காலிலிருந்து செருப்பு நழுவும். அதனால் கீமோ நடக்கும்போது மஞ்சள் மாத்திரையோ சூரணமோ எது எடுத்தாலும் அந்த டப்பாவையே கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வையுங்கள். திட்டுவாரே என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் அதிகம். திட்டினால் திட்டட்டும்.

ரசத்தில் தட்டிப் போடுகிற மிளகை நான் சொல்லவில்லை, அம்மா. அதைத் தாராளமாகப் போடுங்கள். சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.