நான்கு சிலிண்டருக்கு நான்கு மூச்சு: தனித்தனித் திரொட்டில்களுக்கு இன்டேக் மெனிஃபோல்ட் செய்தல்

[காட்சி: திருகோணமலை, உவர்மலைப் பக்கத்துப் பட்டறை. மேசையில் இரண்டு மெனிஃபோல்ட்கள்.]

இன்டேக் மெனிஃபோல்ட் என்பது எஞ்சினின் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதி. மேசையின் இடப்பக்கம் இருப்பது 1600 சிசி காருடன் ஜப்பானிலிருந்து வந்த மெனிஃபோல்ட். அதில் ஒரே ஒரு திரொட்டில் (மிதியை அழுத்தும்போது திறந்து காற்றை உள்ளே விடும் மடல்), அதன் பின்னால் ஒரு பொது அறை, அந்த அறையிலிருந்து நான்கு சிலிண்டர்களுக்கும் பிரிந்து செல்லும் நான்கு குழாய்கள் உள்ளன. வலப்பக்கம் இருப்பது இந்தப் பட்டறையில் நாம் செய்துகொண்டிருப்பது. இதில் பொது அறை கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனக்கென ஒரு குழாயும் தனக்கென ஒரு திரொட்டிலும் உண்டு.

இந்த அமைப்பு புதியதன்று. 1986இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினிலும், 1989இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினிலும், 1991இல் வந்த டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினிலும் சிலிண்டருக்கு ஒரு திரொட்டில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. திரொட்டிலுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள வெளி மிகச் சிறியதாக இருப்பதால், மிதியை அழுத்திய கணமே சிலிண்டருக்குள் காற்று கூடுகிறது. பொது அறை நிரம்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிலிண்டரின் அலை மற்றொன்றின் மூச்சைக் குழப்புவதும் குறைகிறது.

ஆனால் வேலையில் இறங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பொது அறையில் நேரும் சிறு பிழையை நான்கு சிலிண்டர்களும் பகிர்ந்துகொள்ளும்; தனித்தனிக் குழாயில் நேரும் பிழை அந்த ஒரு சிலிண்டரை மட்டும் தாக்கும். மூன்றாம் குழாயின் அடியில் ஓர் ஊசித்துளைக் கசிவு இருந்தால், மூன்றாம் சிலிண்டருக்கு எரிபொருளின் விகிதத்தை மிஞ்சிய காற்று போகும். புகைக்குழாயில் உள்ள ஒக்சிஜன் சென்சரோ நான்கின் சராசரியையே அறியும். ஆகவே கணினி நான்குக்கும் எரிபொருளைக் கூட்டும். மூன்றாவது இன்னும் வறட்சியாகவே ஓட, மற்ற மூன்றும் தேவைக்கு மேல் குடித்துப் புகைக்கும். இந்த வீடியோவில் நாம் செய்யும் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு வெல்டும், நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவாக மூச்சு வாங்க வேண்டும் என்பதற்காகவே.

[காட்சி: எஞ்சின் அறை. சிலிண்டர் ஹெட்டில் பிவிசி குழாய்த் துண்டுகள் செருகப்பட்டுள்ளன.]

பலர் முதலில் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், 20 வால்வு எஞ்சினிலிருந்து கழற்றிய திரொட்டில் தொகுதியையோ பெரிய மோட்டார் சைக்கிளின் தொகுதியையோ வாங்கி வந்துவிட்டு, அதன் பிறகுதான் இடத்தை அளக்கிறார்கள். இந்த ஒழுங்கை மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். சிலிண்டர்களின் மேல் மூடியாக அமைந்த ஹெட்டின் முகத்திலிருந்து காரின் உடற்சுவர் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பிவிசி குழாயையும் அட்டையையும் வைத்து முதலில் பாருங்கள். எஞ்சின் தன் தாங்கிகளில் ஆடும் என்பதால் எல்லாப் பக்கமும் குறைந்தது 25 மி.மீ. விலக வேண்டும். மோட்டார் சைக்கிளின் திரொட்டில்கள் கார் எஞ்சினின் வாய்களைவிட நெருக்கமாக அமைந்தவை. ஆகவே அவற்றைப் பிரித்து, இடைவெளியை மாற்றி, அச்சுகளை மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும். எந்தத் தொகுதியை வாங்கினாலும் திரொட்டில் அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். அச்சு தேய்ந்து ஆடினால் நான்கையும் ஒருபோதும் சமப்படுத்த முடியாது.

இனி நீளம். பிஸ்டன் கீழே இறங்கும்போது வால்வருகே ஓர் அழுத்தக் குறைவு உண்டாகி, அலையாகக் குழாயின் வழியே வெளியே ஓடுகிறது. திறந்த வாயை அடைந்ததும் அந்த அலை அழுத்த மிகுதியாக மாறித் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்னதாக அது வந்து சேர்ந்தால், பிஸ்டன் இழுக்காத காற்றையும் உள்ளே தள்ளிவிடும். திருகோணமலையின் வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். வால்விலிருந்து வாய் வரை மொத்த நீளம் 350 மி.மீ. என்றால், போய் வரும் தூரம் 0.7 மீட்டர், எடுக்கும் நேரம் 2 மில்லிசெக்கன். நிமிடத்துக்கு 7000 சுற்றில் அந்த 2 மில்லிசெக்கனுக்குள் பிஸ்டன்களோடு இணைந்த சுழல்தண்டான கிராங்க் 84 பாகை திரும்பிவிடும். பிஸ்டனின் வேகம் உச்சமாக இருப்பது, அது தன் உச்சியான மேல்நிலையைக் கடந்து கிராங்க் சுமார் 75 பாகை திரும்பியபோது. அங்கே பிறந்த அலை 159 பாகையில், அதாவது பிஸ்டன் கீழ்நிலையை நெருங்கும் வேளையில் திரும்பி வருகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

குழாயை 250 மி.மீ. ஆக்கினால் இதே பொருத்தம் 9800 சுற்றில்தான் கிடைக்கும். கண்டி வீதியில் நாளாந்தம் ஓடும் காருக்கு அந்த வேகத்தால் பயனில்லை. குறுகிய குழாய் பார்ப்பதற்குப் பந்தயக் கார் போல இருக்கிறது என்பதற்காக நீளத்தைப் பறிகொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இடம் தருகிற வரை நீளமாகச் செய்யுங்கள்; நான்கும் ஒரே நீளமாக இருக்கட்டும்.

[காட்சி: குழாயை அச்சுக்கட்டைகளுக்கு இடையே வைத்து அழுத்துகிறோம்.]

திரொட்டில் வட்டமானது, ஹெட்டின் வாய் நீள்வட்டமானது. 45 மி.மீ. உள்விட்டமுள்ள அலுமினியக் குழாயின் ஒரு முனையை, இரு கட்டைகளுக்கு இடையே மெல்ல மெல்ல அழுத்தி 34 மி.மீ. உயரத்துக்குக் கொண்டு வந்தால், அகலம் ஏறத்தாழ 51 மி.மீ. ஆகும். சுற்றளவு மாறாது, பரப்போ 1590 சதுர மி.மீ. இலிருந்து சுமார் 1500 ஆகக் குறையும். இந்த ஆறு சதவீதக் குறுக்கம் நமக்கு நல்லது, வால்வை நோக்கிச் செல்லும் காற்று சிறிதளவு வேகம் பெறும். குழாயின் உள்விளிம்பு ஹெட்டின் வாயைவிடக் கால் மில்லிமீட்டர் சிறியதாக இருக்கலாம், பெரியதாக இருக்கக் கூடாது. பெரியதாக இருந்தால் வரும் காற்று ஹெட்டின் விளிம்பில் முட்டி நிற்கும்.

ஹெட்டுடன் பொருந்தும் தட்டு 12 மி.மீ. தடிப்புள்ள 6061 வகை அலுமினியம். வாய்களின் வடிவத்தைப் பழைய காஸ்கெட்டிலிருந்து (ஹெட்டுக்கும் மெனிஃபோல்ட்டுக்கும் இடையே வைக்கும் அடைப்புத் தகடு) எடுக்கலாம். ஆனால் காஸ்கெட்டின் துளை ஹெட்டின் வாயைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டப்பட்டிருக்கும். ஹெட்டின் முகத்தில் மை தடவி, தடித்த காகிதத்தில் ஒற்றியெடுப்பதே நம்பகமானது.

[காட்சி: வெல்டிங் மேசை. பட்டறையின் கதவுகள் மூடப்பட்டுள்ளன.]

இந்த வேலையின் உயிர்நிலை வெல்டிங். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். உருகிய அலுமினியம் திண்ம அலுமினியத்தைவிட ஏறத்தாழ இருபது மடங்கு ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும்போது அதை வெளியேற்ற முடியாமல் நுண்ணிய துளைகளாக விட்டுவிடும். அந்த ஹைட்ரஜன் வருவது ஈரத்திலிருந்து. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றும் மழையும் நிற்கும் காலத்தில், மேசையில் திறந்து கிடக்கும் வெல்டிங் கம்பியும், முதல் நாள் தேய்த்து வைத்த குழாயும் ஈரத்தையும் உப்பையும் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே கம்பியை மூடிய பெட்டியில் வையுங்கள். குழாயை அசிட்டோனால் துடைத்து, அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய துருப்பிடிக்காத உருக்குத் தூரிகையால் தேய்த்து, தாமதிக்காமல் வெல்ட் செய்யுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இடர் வேறு: காற்றோட்டம், வெல்டை மூடிக் காக்கும் ஆர்கன் வாயுவைக் கலைத்துவிடும். வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கதவை மூடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

தூய அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். அதன் மேற்பரப்பில் உள்ள ஒக்சைட்டுப் படலம் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை உடைப்பதற்காகவே டிக் (TIG) வெல்டிங் இயந்திரத்தை மாறுதிசை மின்னோட்டத்தில் வைக்கிறோம். நிரப்புக் கம்பியாக நான் தேர்வது 4043. 5356 கம்பி வலிமையானதுதான். ஆனால் அதில் மக்னீசியம் அதிகம், தொடர்ந்து 65 பாகைக்கு மேல் சூடாக இருக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. எஞ்சினில் பூட்டிய தட்டோ அதைவிடச் சூடாகவே இருக்கும். 12 மி.மீ. தட்டும் 3 மி.மீ. குழாயும் சேருமிடத்தில், தட்டை 100 பாகை அளவுக்கு முன்கூட்டியே சூடாக்கி, சுடரைத் தட்டின் பக்கமே அதிகம் காட்டுங்கள். குழாய் தானாக வந்து சேரும்.

நான் முதன்முதலாகச் செய்த மெனிஃபோல்ட்டைத் தட்டை எதிலும் பூட்டாமல் வெல்ட் செய்தேன். ஆறியபின் நேர்விளிம்பை வைத்துப் பார்த்தபோது, தட்டின் நடுவில் 0.8 மி.மீ. இடைவெளி தெரிந்தது. இரண்டு நாள் உழைப்பு அந்த இடைவெளிக்குள் போய்விட்டது. இப்போது தட்டை 25 மி.மீ. தடிப்புள்ள இரும்புப் பலகையில் எல்லா போல்ட்களாலும் இறுக்கிய பின்னரே தொடங்குகிறேன். முதலில் ஒன்றாம் குழாய்க்கு ஒரு பொட்டு, அடுத்து நான்காவதற்கு, பிறகு இரண்டாவதற்கு, இறுதியாக மூன்றாவதற்கு. அதே ஒழுங்கில் சிறு சிறு நீளமாக முழு வெல்ட். கை பொறுக்கும் வரை ஆறவிட்டுத்தான் போல்ட்களைக் கழற்ற வேண்டும். அப்படிச் செய்தாலும் தட்டு சிறிது வளையும். அதனால்தான் தட்டில் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் தடிப்பை முன்பே விட்டுவைத்து, வெல்டிங் முடிந்த பின் மில்லிங் இயந்திரத்தில் முகத்தைச் சீவுகிறோம். நேர்விளிம்பின் கீழே 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) எங்கும் நுழையக் கூடாது.

[காட்சி: மெனிஃபோல்ட் நீர்த்தொட்டிக்குள். வாய்கள் அடைக்கப்பட்டு, மெல்லிய காற்றழுத்தம் கொடுக்கப்படுகிறது.]

குமிழி எங்கே எழுகிறது என்று பொறுமையாகப் பாருங்கள். ஒரு குமிழி வந்தாலும் அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து மீண்டும் வெல்ட் செய்ய வேண்டும். மேலே பசை பூசி மறைத்தால் சூட்டில் அது விட்டுவிடும்.

திரொட்டில்களை மெனிஃபோல்ட்டுடன் குறுகிய இறப்பர் குழாய்த் துண்டுகளால் இணைப்பது நல்லது. முதலாம் குழாய்க்கும் நான்காம் குழாய்க்கும் இடையே 260 மி.மீ. என்றால், 60 பாகை சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிடச் சுமார் 0.17 மி.மீ. அதிகமாக நீளும். நான்கு திரொட்டில்களையும் இறுக்கிப் பிடித்த இரும்புச் சட்டம் இருந்தால் அந்த வேறுபாடு அச்சுகளை நெருக்கும். இறப்பர் அதைத் தாங்கிக்கொள்ளும்.

மெனிஃபோல்ட்டின் வெற்றிடத்தால் பிரேக் மிதிக்கு உதவும் பிரேக் பூஸ்டருக்கும் அழுத்த சென்சருக்கும் நான்கு குழாய்களிலிருந்தும் 4 மி.மீ. துளையுள்ள சிறு குழாய்களை எடுத்து ஒரு சிறிய கலத்தில் சேர்க்க வேண்டும். பூஸ்டர் வழியில் ஒருவழி வால்வு கட்டாயம். ஒரே சிலிண்டரிலிருந்து எடுத்தால் அழுத்தம் துடித்துக்கொண்டே இருக்கும், பிரேக்கும் நம்பத்தக்கதாக இராது. எஞ்சின் கணினியை, திரொட்டில் திறப்பையும் சுற்றுவேகத்தையும் கொண்டு எரிபொருளைக் கணிக்கும் முறைக்கு மாற்றுவதே பெரும்பாலும் சரியாக அமையும்.

வெளிவாய் நாதஸ்வரத்தின் அணசு போல மெதுவாக விரிய வேண்டும். கூரிய விளிம்பில் காற்று பிரிந்து சுழலும். நிலாவெளிப் பக்கத்து மணலும் உப்பும் நேரே சிலிண்டருக்குள் போகும்படி அந்த வாய்களை வெறுமனே திறந்து விடாதீர்கள். நான்கையும் மூடும் ஒரு பெட்டி செய்து, ஏர் ஃபில்டரை அதில் பொருத்துங்கள். பெட்டியின் சுவர் வாயிலிருந்து குறைந்தது ஒரு விட்ட அளவு தள்ளி இருக்கட்டும்.

[காட்சி: எஞ்சின் ஓடுகிறது. நான்கு வெற்றிட அளவிகள் அருகருகே.]

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பின் நான்கு அளவிகளையும் இணைத்து, இரண்டாவது திரொட்டிலை அடிப்படையாக வைத்து மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகத் திருகுங்கள். பிறகு மிதியை மெல்லத் திறந்து 2500 சுற்றிலும் பாருங்கள், ஏனெனில் மிதியைத் தொடாத ஐட்லில் சமமாக இருந்து, திறக்கும்போது விலகும் இணைப்புக் கோல்கள் உண்டு. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் எரியாத எரிபொருள் அதிகமாகக் காட்டும் கார்களில் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 500 கி.மீ. ஓடிய பின் தட்டின் போல்ட்களை இறுக்கிப் பார்த்து, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி இப்படி வரிசையாக வையுங்கள்.

[காட்சி: வெள்ளைத் துணியில் நான்கு பிளக்குகள். நான்கின் நுனியும் ஒரே பழுப்பு நிறம்.]